மகனுக்கு 34 வயது: வரிச் சட்டத்துக்கு அவன் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழின் வரி ஆலோசனைப் பகுதியில் ஒரு வாசகர், வயதான பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு வரிக்கழிவு உண்டா என்று கேட்டிருந்தார். விவரமாகப் பதில் சொல்லியிருந்தீர்கள். பெற்றோர் மகனைச் சார்ந்துதான் இருக்க வேண்டும் என்பதில்லை. அவர்களுக்குத் தனி வருமானம் இருந்தாலும் சரி. 60 வயதைத் தாண்டியவர்கள் என்றால் காப்பீட்டுப் பிரீமியமோ, காப்பீடே இல்லாவிட்டால் மருத்துவச் செலவோ, 50,000 ரூபாய் வரை வருமான வரிச் சட்டத்தின் 80டி பிரிவில் மகன் கழித்துக்கொள்ளலாம், கழிவுகளை அனுமதிக்கும் பழைய வரிமுறையில் இருந்தால். பதிலில் பிழையில்லை. கத்தரித்து வைத்திருக்கிறேன்.

அந்தக் கேள்வியை அப்படியே திருப்பிப் போட்டால் என்ன பதில் வரும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். மகன் அப்பாவுக்குச் செலவழித்தால் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. அப்பா, கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற மகனுக்குச் செலவழித்தால்?

நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். தலைமை நாற்காலி கடைசி ஆறு வருடம்தான். அதற்கு முன்னால் எல்லாம் கணக்கு வாத்தியார். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சொந்த வீடு. எனக்கு வயது 66, மனைவிக்கு 58, மகனுக்கு 34. அவன் ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் மாதம் 31,000 ரூபாய் சம்பளத்தில் இருந்தான். மருமகள் தனியார் பள்ளியில் ஆசிரியை, 14,000. பேத்தி ஒன்றாம் வகுப்பு.

2024 ஜனவரியில் அவனுக்குக் கால் வீங்கியது. நின்றுகொண்டே வேலை செய்வதால் என்று நினைத்தோம். ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 9-ஐத் தாண்டியிருந்தது. இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்றார் டாக்டர். கையில் டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைக்கும் ஃபிஸ்டுலா ஆபரேஷன், வாரம் இரண்டு முறை டயாலிசிஸ், நவம்பரில் மாற்று அறுவை. சிறுநீரகம் கொடுத்தவள் என் மனைவி.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1994-ஆம் ஆண்டு உறுப்புமாற்றுச் சட்டத்தின்படி தாய் 'நெருங்கிய உறவினர்'. அதனால் வெளியாள் கொடுக்கும்போது நடக்கிற நீண்ட விசாரணை எங்களுக்கு இல்லை. தாயும் மகனும்தானா என்பதற்குப் பரிசோதனை, சான்றிதழ், ஃபோட்டோ, கையெழுத்து. அவ்வளவு பேர் அவ்வளவு கேட்டார்களே, ஒருவராவது "உங்கள் மகன் சம்பாதிக்கிறாரா, உங்களைச் சார்ந்திருக்கிறாரா" என்று கேட்டார்களா என்றால் இல்லை. உடம்பிலிருந்து ஓர் உறுப்பையே எடுத்துக் கொடுக்க அந்தக் கேள்வி தேவைப்படவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கட்டிய பணத்தை வருமான வரிப் படிவத்தில் காட்டப் போனபோதுதான் அது முதல் கேள்வியாக வந்து நின்றது.

கம்பெனியின் குழுக் காப்பீட்டில் அவனுக்கு 3 லட்சம் இருந்தது. டயாலிசிஸ் தொடங்கிய நான்கு மாதத்தில் பெரும்பகுதி கரைந்தது. ஜூன் வரை விடுப்பு, சம்பளம் எல்லாம் கொடுத்தார்கள். குறை சொல்ல மாட்டேன். அதன்பிறகு சம்பளமில்லா விடுப்பு, பிறகு ராஜினாமா. வேலையோடு காப்பீடும் போய்விட்டது. சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியதால் இ.எஸ்.ஐ.யிலும் அவன் இல்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மருமகளின் சம்பளம் மட்டுமே அதைத் தாண்டிவிடும். ஓய்வூதியர்களுக்கான அரசுக் காப்பீட்டில் நானும் என் மனைவியும் மட்டும்தான்.

நீ முன்கூட்டியே தனிக் காப்பீடு எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் என்னை நிறைய நாள் கேட்டுக்கொண்டேன். 2019-இல் ஒரு முகவர் வீட்டுக்கு வந்தார். மகன் குடும்பத்துக்கு நானே பிரீமியம் கட்டிவிடுகிறேன் என்றேன். அவர் நேர்மையானவர். "ஐயா, உங்க பிள்ளை சம்பாதிக்கிறவர். உங்களுக்கு 80டி-யில கழிக்க முடியாது. அதுல 'சார்ந்திருக்கும் பிள்ளைகள்'னுதான் இருக்கு. அவரே கட்டினா அவருக்காவது கழிவு கிடைக்கும்" என்றார். சரி, அவனே கட்டட்டும் என்று விட்டுவிட்டேன். அவன் அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று தள்ளிப்போட்டான். பிரீமியம் அப்போது 11,400 ரூபாய். வரிக்கழிவு இல்லை என்பதற்காக ஓர் அப்பா பின்வாங்கலாமா என்றால் வாங்கக்கூடாதுதான். வாங்கினேன். கணக்கு வாத்தியார் புத்தி.

பணம் எப்படிப் புரட்டினேன் என்பதற்கு வருகிறேன். முதலில் ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைத்தேன். மூன்று லட்சத்தை மஞ்சப்பையில் போட்டு, அதன்மேல் ஒரு துண்டை மடித்து வைத்து எடுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரி கவுன்டரில் நீட்டினேன். அங்கிருந்த பெண் பையைப் பார்த்துப் பயந்தே போனாள். "சார், ரெண்டு லட்சம்னாலே கேஷா வாங்கக்கூடாது சார். எங்களுக்கு ஃபைன் போட்டுடுவாங்க. அக்கவுன்ட்ல போட்டுடுங்க" என்றாள். அது உண்மை. 269எஸ்டி பிரிவின்படி ஒரே ஆளிடமிருந்து ஒரே நாளிலோ, ஒரே விஷயத்துக்காகவோ 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக்கூடாது. வாங்கியவருக்கு வாங்கிய தொகை முழுவதும் அபராதம். 2021-இல் கொரோனா உச்சத்தில் இருந்த ஏப்ரல், மே இரண்டு மாதம் மட்டும் ஆஸ்பத்திரிகளுக்கு இதைத் தளர்த்தினார்கள். பேருந்தில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு அது நல்லதாகப் போயிற்று: எல்லாம் என் கணக்கிலிருந்து நேராகப் போனதால் யார் கட்டியது என்பதற்கு வங்கியே சாட்சி.

உறவினர்களில் சிலர், மகன் கணக்கில் லட்சக்கணக்கில் போட்டால் 'கிஃப்ட் டாக்ஸ்' வரும் என்று மிரட்டினார்கள். இதைப் படிக்கிற வேறு அப்பாக்களுக்காகச் சொல்கிறேன்: வராது. 1958-இல் வந்த நன்கொடை வரி 1998 அக்டோபரோடு ஒழிந்தது. இப்போது பணம் வாங்குபவரின் வருமானத்தில் அதைச் சேர்ப்பார்கள். ஆனால் கொடுப்பவர் பெற்றோர், உடன்பிறந்தோர், கணவன், மனைவி போன்ற உறவினர் என்றால் எத்தனை லட்சமானாலும் சேர்க்க மாட்டார்கள். ஆக, மகனுக்குப் பணம் கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை, அதற்கு வரியும் கேட்கவில்லை. அந்தப் பணம் எதற்குப் போனது என்பதில்தான் அதற்கு அக்கறை இல்லை.

அடுத்து மனை. 2003-இல் 1,80,000 ரூபாய்க்கு வாங்கிப்போட்ட இடம். பேத்தி பேருக்கு எழுதலாம் என்று வைத்திருந்தேன். 2024 செப்டம்பரில் 14,50,000 ரூபாய்க்கு விற்றேன். அவசரத்துக்கு விற்கிறவன் விலை பேச முடியாது, அதை விடுங்கள். வாங்கிய பணம் முழுவதும் அக்டோபர், நவம்பர், டிசம்பரில் ஆஸ்பத்திரிக்குப் போனது. மாற்று அறுவை, அம்மாவுக்கும் பிள்ளைக்கும் தனித்தனியாகப் பரிசோதனைகள், இரண்டு அறை, மருந்து. ஜனவரியில் அந்தக் கணக்கில் மிச்சம் 6,212 ரூபாய்.

மறுவருடம் ஜூலையில் ரிட்டர்ன் போட ஆடிட்டரிடம் போனேன். அவர் என் பழைய மாணவர். கோப்பைப் புரட்டியவர், "ஐயா, மனை வித்த லாபத்துக்கு வரி இருக்கே, எடுத்து வெச்சிருக்கீங்களா?" என்றார். நான் எடுத்து வைக்கவில்லை. லாபம் என்ற சொல்லே என் காதில் ஏறவில்லை.

கணக்கு இதுதான். 2024 ஜூலை 23-க்குப் பிறகு விற்ற பழைய நிலத்துக்கு இரண்டு வழிகளில் எது குறைவோ அதைக் கட்டலாம். வாங்கிய விலையை விலைவாசிக் குறியீட்டின்படி உயர்த்தினால் 1,80,000 ரூபாய் 5,99,450 ஆகிறது. மீதி 8,50,550-க்கு 20 சதவீதம், 1,70,110. குறியீடு இல்லாமல் 12,70,000-க்கு 12.5 சதவீதம், 1,58,750. இரண்டாவதுதான் குறைவு. அதோடு 4 சதவீதக் கூடுதல் வரி சேர்த்து 1,65,100 ரூபாய். மூத்த குடிமக்களுக்கு முன்கூட்டிய வரி கிடையாது என்பதால் வட்டி ஏறவில்லை. அது ஒன்றுதான் ஆறுதல்.

"ஆஸ்பத்திரிக்குக் கட்டினதை இதுல கழிக்க முடியாதாப்பா?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். பிறகு சொன்னார்: மனை விற்ற பணத்தில் நான் வீடு வாங்கியிருந்தால் 54எஃப் பிரிவில் வரி விலக்கு. இரண்டு வருடத்துக்குள் வாங்கினால் போதும்; கட்டுவது என்றால் மூன்று வருடம். அல்லது ஆறு மாதத்துக்குள் மின்திட்டங்களுக்கும் ரயில்வேக்கும் நிதி திரட்டும் அரசு நிறுவனங்களின் பத்திரத்தில் லாபத்தைப் போட்டிருந்தால் 54இசி பிரிவில் விலக்கு. 50 லட்சம் வரை, ஐந்து வருடம் எடுக்க முடியாது. ஆஸ்பத்திரிக்கு என்று ஒரு பிரிவும் இல்லை. சரி, மருத்துவச் செலவுக்கென்று உள்ள மற்ற கழிவுகளையாவது இந்த லாபத்தில் கழிக்கலாமா என்றால், அதுவும் முடியாது. நீண்டகால மூலதன லாபத்தில் அவற்றைக் கழிக்கவே கூடாது.

என்னிடம் ஏற்கெனவே ஒரு வீடு இருக்கிறது. இரண்டாவதாக ஒன்று வாங்கியிருந்தால் இந்த அரசாங்கம் 1,65,100 ரூபாயை விட்டுக்கொடுத்திருக்கும்.

வரி கட்டினேன். ஆனால் பணம் ஏது? மனைவியின் நான்கு பவுன் சங்கிலியை வங்கியில் அடகு வைத்தோம். வயிற்றில் தையல் தழும்போடு அவளே வந்து கையெழுத்துப் போட்டாள். "கிட்னியையே கொடுத்தாச்சு, சங்கிலிக்கு என்னங்க" என்று அவள் சிரித்ததை இங்கே எழுதலாமா கூடாதா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இனி நோய்க்கென்றே உள்ள கழிவுக்கு வருகிறேன். 80டிடிபி. புற்றுநோய், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, ஹீமோஃபீலியா, தலசீமியா, பார்க்கின்சன், டிமென்ஷியா போன்ற சில நோய்களுக்கு உரியது. மகனின் நோய் அந்தப் பட்டியலில் உண்டு. பிள்ளைகளும் உண்டு; அவர்களுக்கு வயது வரம்பும் கிடையாது. ஆனால் இரண்டு கொக்கிகள். நோயாளி மூத்த குடிமகன் என்றால் 1 லட்சம் வரை, இல்லையென்றால் 40,000 ரூபாய் வரைதான். பணம் கட்டியவனுக்கு 66 வயது என்பது கணக்கில் வராது. படுத்திருந்தவனுக்கு 34 என்பதுதான் கணக்கு. அந்த 40,000 இருபது வருடத்துக்கு மேலாக அசையாமல் நிற்கிறது. 2018 பட்ஜெட்டில் மூத்தவர்களுக்கு மட்டும் உயர்த்தினார்கள். முப்பது வயதுக்காரனுக்கு டயாலிசிஸ் மலிவாகவா செய்கிறார்கள்?

இரண்டாவது கொக்கிதான் நான் பேச வந்தது. அந்தப் பிள்ளை, செலவு செய்தவரை "முழுவதுமாகவோ பெரும்பாலுமோ சார்ந்து" இருக்க வேண்டும். பெரும்பாலும் என்றால் எவ்வளவு? சட்டத்தில் எண் இல்லை. பத்தாம் வகுப்புப் பையன் இப்படி விடை எழுதினால் மதிப்பெண் போட மாட்டேன்.

என் மகனை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நிதியாண்டில் ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதச் சம்பளம் 93,000 ரூபாய், கம்பெனி கொடுத்த சம்பளச் சான்றான அவனுடைய ஃபாரம் 16-இல் இருக்கிறது. அதே ஆண்டில் அவனுக்காக நான் கட்டியது, மனை, டெபாசிட் எல்லாம் சேர்த்து 17 லட்சத்துக்கு மேல். வாடகை வீட்டைக் காலி செய்து, மூன்று பேரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அரிசி, பருப்பு, பேத்தியின் பள்ளிக்கட்டணம் வரை என் ஓய்வூதியத்தில். என் கணக்கில் இதற்குப் பெயர் சார்ந்திருப்பதுதான். ஆடிட்டரும் ஒப்புக்கொண்டார். "ஆனா ஃபாரம் 16 இருக்கு, மனைவிக்குச் சம்பளம் இருக்கு. ஒருவேளை நோட்டீஸ் வந்தா விளக்கம் கொடுக்கணும். ஒரு ஆபீசர் சரிம்பார், இன்னொருத்தர் மனைவியைத்தானே சார்ந்திருக்கார்னு கேப்பார்" என்றார். மூன்று மாதச் சம்பளத்துக்கே இந்தத் தயக்கம் என்றால், உடம்பு முடியாமலும் வேலையை விடாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸுக்குப் போய்வரும் பிள்ளைகளின் அப்பாக்கள் என்ன செய்வார்கள்? வேலையை விட்டுவிடு, அப்போதுதான் எனக்குக் கழிவு கிடைக்கும் என்று சொல்வார்களா?

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே வருமான வரிச் சட்டம் இன்னோர் இடத்தில் வேறு மாதிரிப் பேசுகிறது. ஊழியரின் குடும்பத்தினருக்கு ஆகும் மருத்துவச் செலவை முதலாளி கொடுத்தால், அரசு மருத்துவமனையிலோ, குறிப்பிட்ட நோய்களுக்கு வரித்துறை அங்கீகரித்த மருத்துவமனையிலோ ஆன செலவுக்கு ஊழியரிடம் வரி கேட்பதில்லை. அங்கே 'குடும்பம்' யார் யார்? கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள்; சார்ந்திருந்தால் மட்டும் பெற்றோர், உடன்பிறந்தோர். பிள்ளைகளுக்கு நிபந்தனையே இல்லை! ஆக, முதலாளி கட்டினால் சம்பாதிக்கிற மகனும் குடும்பம். அதே மகனுக்கு அப்பா தன் பென்ஷனிலிருந்து கட்டினால், முதலில் அவன் உன்னைச் சார்ந்தவன்தானா என்று நிரூபி என்கிறார்கள். 80டி-யிலோ தலைகீழ்: பெற்றோருக்கு நிபந்தனை இல்லை, பிள்ளைகளுக்கு உண்டு. பெற்றோருக்கான அந்தத் தனிக்கழிவு 2008 பட்ஜெட்டில் வந்தது. வரவேற்க வேண்டியதுதான். பிள்ளைகள் பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் காலம் வந்துவிட்டது என்று யாரோ எண்ணியிருக்கிறார்கள். எதிர்ப்பக்கமும் நடக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

என்னோடு வேலை பார்த்த ஆசிரியர் ஒருவரின் மகளுக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். இப்போது 38 வயது. அவருக்கு 80டிடி பிரிவில், ஒரு ரசீதும் காட்டாமல் ஆண்டுக்கு 75,000 ரூபாய் கழிவு. ஊனம் 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. மிகச் சரியான ஏற்பாடு. பெண்ணுக்கு வயதாகிவிட்டதே என்று அங்கே யாரும் கேட்பதில்லை. சிறுநீரகச் செயலிழப்பு ஊனத்தில் சேராது என்பதால் எனக்கு அந்த வழி இல்லை. குறையாகச் சொல்லவில்லை, வளர்ந்த பிள்ளையும் பிள்ளைதான் என்பது சட்டத்துக்குத் தெரியாத சங்கதி அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

என் தம்பி மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அங்கே எப்படி என்று கேட்டேன். அங்கும் 'சார்ந்தவர்' என்பதற்கு வருமான உச்சவரம்பு உண்டு. ஆனால் மருத்துவச் செலவுக்கு மட்டும் அந்த வரம்பைப் பார்க்க மாட்டார்களாம். பிள்ளையின் வாழ்க்கைச் செலவில் பாதிக்கு மேல் பெற்றோர் கொடுக்கிறார்களா என்பதுதான் முக்கியமான கேள்வி. கொடுத்தால், அவர் சம்பாதித்தாலும் அவருக்காகக் கட்டிய மருத்துவச் செலவைத் தங்கள் கணக்கில் சேர்க்கலாம். ஆனால் மொத்தச் செலவு தங்கள் வருமானத்தில் 7.5 சதவீதத்தைத் தாண்டிய பகுதிதான் கழியும். அந்த நாட்டில் ஆஸ்பத்திரிக் கட்டணம் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பது வேறு கதை. அதை இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. 'பாதிக்கு மேல்' என்ற அந்த ஓர் அளவுகோலைத்தான் கேட்கிறேன்.

கடைசியில் நான் 80டிடிபி கேட்கவே இல்லை. ஆடிட்டர் இரண்டு விதமாகவும் போட்டுக் காட்டினார். ஓய்வூதியம் 7,80,000, வட்டி 1,60,000. பழைய முறையில் நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்ஷன்) 50,000, மூத்தவர்களின் வட்டிக் கழிவு 50,000, இந்த 40,000 எல்லாம் போக வரி 72,800 ரூபாய். புதிய முறையில் நிலைக்கழிவு 75,000 மட்டும்தான். ஆனால் வரி 37,960. மகன் பெயரை எழுதி 8,320 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போனால் அதைப்போல நான்கு மடங்குக்கு மேல் நஷ்டம். புதிய முறையில் 80டி, 80டிடி, 80டிடிபி எதுவும் இல்லை. 2023-24 முதல் அதுதான் இயல்பான முறை. பழையது வேண்டுமென்றால் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். அதாவது, மருத்துவக் கழிவுகள் சட்டத்தில் இருக்கின்றன, பரண்மேல் வைத்த பித்தளை அண்டா மாதிரி.

இதற்கு ஒரு பதில் வரும் என்று தெரியும். 2025 பட்ஜெட்டில்தான் 12 லட்சம் வரை வரியே இல்லை என்று செய்துவிட்டார்களே, இன்னும் என்ன கழிவு என்று. உண்மைதான். 2025-26 முதல் என் பென்ஷனுக்கும் வட்டிக்கும் வரி வராது. நன்றி சொல்கிறேன். ஆனால் மனை விற்ற லாபம் போன்ற தனி விகித வருமானத்துக்கு அந்தத் தள்ளுபடி செல்லாது என்பதையும் அதே பட்ஜெட் தெளிவாக்கிவிட்டது. பெரிய நோய் வந்தால் நடுத்தரக் குடும்பம் மாதச் சம்பளத்திலா ஆஸ்பத்திரிக்குக் கட்டுகிறது? நிலத்தையும் நகையையும் விற்றுத்தான் கட்டுகிறது. வரி சரியாக அந்த இடத்தில்தான் காத்துக்கொண்டிருக்கிறது.

நான் கேட்பது இதுதான். சொத்து விற்ற பணம், விற்றவரின் வங்கிக் கணக்கிலிருந்து ஓராண்டுக்குள் நேராக மருத்துவமனைக்குப் போயிருந்தால், அந்தத் தொகைக்கு வீடு வாங்கியவருக்குக் கொடுக்கும் அதே விலக்கைக் கொடுங்கள். நோய்ப் பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது. நோயாளியின் பெயர், வயது, நோய், சிறப்பு மருத்துவரின் தகுதி, பதிவு எண் எல்லாம் எழுதிய மருந்துச்சீட்டு வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. காப்பீட்டில் வந்ததைக் கழித்துக்கொள்ளட்டும். நோயாளி யார் என்றால் கணவன், மனைவி, பிள்ளை, பெற்றோர். சார்ந்திருக்கிறாரா என்ற கேள்வி வேண்டாம். கட்டியது யார் என்ற கேள்வி போதும். பொய் ரசீது காட்டுவார்கள் என்பீர்கள். வங்கி வழியாக ஆஸ்பத்திரிக்குப் போன பணத்தில் பொய் காட்டுவது, பொய்யாக ஒரு வீட்டைக் காட்டுவதைவிடக் கஷ்டம்தான்.

1961-ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்றி, 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்றார்கள். பிரிவு எண்களை மாற்றினார்கள் (இந்தக் கடிதத்தில் நான் எழுதியவை பழைய எண்கள்), மொழியை எளிமையாக்கினார்கள், 'கணிப்பு ஆண்டு' என்ற குழப்பத்தை எடுத்து 'வரி ஆண்டு' என்று வைத்தார்கள். சார்ந்திருப்பவர் என்ற அந்தச் சொல் மட்டும் பழைய வீட்டிலிருந்து புதிய வீட்டுக்கு அப்படியே குடிவந்துவிட்டது. அளவும் இல்லாமல்.

உங்கள் ஆலோசனைப் பகுதியில் இந்தத் திசையிலிருந்தும் ஒருமுறை எழுதுங்கள். காப்பீட்டு முகவர் எனக்குச் சொன்ன அதே வாக்கியத்தை இன்று எத்தனை அப்பாக்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ. வரிக்கழிவு இல்லாவிட்டால் பரவாயில்லை, பிரீமியத்தைக் கட்டுங்கள் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். தனிநபர் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி.யும் இல்லை. எனக்குத்தான் அது காலம் கடந்த செய்தி.

மகன் இப்போது நன்றாக இருக்கிறான். கிரியேட்டினின் 1.3. ஊரிலேயே ஓர் ஒர்க்‌ஷாப்பில் கணக்கு எழுதப் போகிறான், மாதம் 12,000. மாற்றிய சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் இருக்க டாக்ரோலிமஸ் மருந்தை ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டும். மாதா மாதம் நான்தான் மருந்துக்கடைக்குப் போகிறேன். கடைக்காரர் பில் போடும்போது, "யார் பேர்ல சார்?" என்று கேட்பார். அவன் பெயரைச் சொல்லிவிட்டு என் கார்டை நீட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்,
தஞ்சாவூர் மாவட்டம்.